அம்போனுக்குப் போன கொல்லைப்புறம்

எங்கள் தொமாகித் தீவில் கிராம்பு விளையாது. மண்ணின் குற்றம் அல்ல. எங்கள் பாட்டன்மார் காலத்தில் மலை முழுக்கக் கிராம்புதான் நின்றதாம். காற்று திரும்பினால், கரை கண்ணில் படுவதற்கு முன்பே கப்பல்காரர்கள் மூக்கால் எங்கள் தீவைக் கண்டுகொள்வார்களாம். பிறகு தலைநகரான பத்தாவியாவில் வெள்ளைக்காரக் கும்பினியார் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இனிமேல் கிராம்பு அம்போன் தீவில் மட்டும்தான் விளையும் என்று தீர்மானித்தார்கள். எல்லாத் தீவிலும் விளைந்தால் விலை இறங்கிவிடும் அல்லவா? தீர்மானம் கப்பலில் வந்தது. அதே கப்பலில் கோடரிகளும் வந்தன. மூன்று மாதத்தில் மலை மொட்டையாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருவது குடிதண்ணீருக்கும் விறகுக்கும் கருவாட்டுக்கும் சாகோ மரத்து மாவில் சுட்ட கெட்டி ரொட்டிக்கும்தான். வருஷத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்ததும், கிராம்பு மரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அகற்றல் அதிகாரி தீவைச் சுற்றி வருவார். அந்தப் பதவியில் அப்போது இருந்தவர் துவான் ஸ்ட்ரைக்; துவான் என்றால் எங்கள் பேச்சில் துரை. பல்லக்கில் புறப்படுவார். சரிவின் பாதியில் ஒரு பெரிய மாமரம் உண்டு. அதன் நிழலில் இறங்கி, கோழி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, "இத்தீவில் ஒரு கிராம்பு மரமும் இல்லை" என்று எழுதிச் சிவப்பு அரக்கு முத்திரை வைப்பார். அந்தச் சான்றிதழ் பத்தாவியாவுக்குப் போகும்.

அதே வாரம் சந்தையில் தமுக்கு அடித்து மூன்று விதிகளை வாசிப்பார்கள். கிராம்பு மரம் வைத்திருப்பவனுக்குத் தூக்கு. மரத்தைக் கண்டும் கோட்டையில் சொல்லாதவனுக்குத் தூக்கு. உத்தரவில்லாமல் மரத்தை வெட்டுகிறவன் கும்பினியின் சாட்சியத்தை அழித்தவன் ஆகிறான், அவனுக்கும் தூக்கு. நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு மீனையும் ரொட்டியையும் விற்கத் திரும்புவோம். மரமே இல்லாத ஊரில் இந்த விதிகளுக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ருகாயாவின் மாமா சட்டை மடிப்பில் பத்துப் பதினைந்து காய்ந்த கிராம்பு வைத்திருந்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய தலைப்பாகை மட்டும் திரும்பி வந்தது. நன்றாகத் துவைத்து, மடித்துக் கொடுத்தார்கள்.

ருகாயா என்பவள் தாலிபின் மனைவி. தாலிப் சாகோ ரொட்டி சுடுகிறவன். சந்தையில் என் மீன் பலகைக்கு அடுத்த இடம் அவனுடையது. மிகவும் பயந்த சுபாவம். கப்பலில் பீரங்கி வெடித்தால், தன் ரொட்டியில்தான் ஏதோ குறை என்று முதலில் கையில் இருப்பதைத் திருப்பிப் பார்ப்பான்.

சான்றிதழ் கப்பலேறிப் பதினோராம் நாள் காலையில் தாலிபின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, அவன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இறங்கிவிட்டது. முள்ளும் கொடியும் அடர்ந்த இடம், யாரும் போவதில்லை. தாலிப் கொடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஆடு ஒரு மரத்தடியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம். இலைகள் பளபளவென்று இருந்தன. நுனிக் கிளைகளில் கொத்துக் கொத்தாக, இளஞ்சிவப்பு ஏறிய மொக்குகள்.

ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரும் எங்கள் தீவில் உயிரோடு நிற்கும் கிராம்பு மரத்தைப் பார்த்ததில்லை. தாலிபுக்கும் அது என்ன மரம் என்று தெரியவில்லை. ஒரு மொக்கைக் கிள்ளிப் பல்லில் கடித்தான். நாக்கு மரத்துப்போனது. முன்பு ஒரு தடவை பல்வலிக்காக ஒரு மாலுமி இரண்டு சொட்டுக் கிராம்பெண்ணெய் தடவிவிட்டிருந்தான்; அதே காரம், அதே மரப்பு. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான். துப்பினான். துப்பியதைக் குழி தோண்டிப் புதைத்தான். ஆட்டின் வாயைப் பிளந்து, அதனுள் இருந்த இலைகளையும் விரலால் வழித்தெடுத்துப் புதைத்தான்.

ருகாயா அவனுக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"தாலிப், என்ன மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சு? ஆடு செத்துருச்சா?"

"ஆடு நல்லாத்தான் இருக்கு. நாமதான் செத்துட்டோம்" என்றான். விஷயத்தை அவள் காதில் சொன்னான்.

அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கோடரியை எடு. சத்தமில்லாம வெட்டி எரிச்சுருவோம்" என்றாள்.

"வெட்டினா மூணாம் விதி. எரிச்சா ஊர் பூரா மணக்கும்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருப்போம். புறா எச்சத்துல விழுந்து முளைச்சதுக்கு நாம என்ன பண்றது?"

"அது ரெண்டாம் விதி."

"நம்ம கொல்லையிலதான் இல்லையே, பள்ளத்துலதானே இருக்கு?"

"பள்ளம் நம்ம எல்லைக்குள்ள ருகாயா. மொதல் விதி."

அவள் மூன்று விரல்களையும் மடக்கிப் பார்த்தாள். நாலாவது வழி ஒன்றும் இல்லை. "போ. போய்ச் சொல்லிரு. நீயாப் போனா ஒரு வேளை இரக்கப்படுவாங்க" என்றாள். சொன்னவளே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அவன் கோட்டைக்குப் போனான்.

கோட்டை வாசலில் துபாஷி தொமாஸ் உட்கார்ந்திருந்தான். அம்போன்காரன், தகப்பன் போர்த்துக்கீசிய வழி. எல்லோரும் அவனை சிஞ்ஞோ என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரர் பேச்சை எங்களுக்கும், எங்கள் பேச்சை வெள்ளைக்காரருக்கும் மாற்றிச் சொல்வது அவன் வேலை. மாற்றும்போது இரண்டு பக்கமும் கோபம் வராதபடி நடுவில் கொஞ்சம் வடிகட்டிவிடுவான்.

"சிஞ்ஞோ, என் பள்ளத்துல ஒரு கிராம்பு மரம் இருக்கு. நான் வைக்கல. பிடிச்சுக்குங்க."

தொமாஸ் எழுந்து வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்தான். "என்ன சொன்னே? எலுமிச்சை மரம்னு சொன்னே, இல்ல?"

"இல்ல சிஞ்ஞோ, கிராம்பு."

"யோவ், எலுமிச்சைன்னு சொல்லுய்யா! சான்றிதழ் போயிருச்சு, தெரியுமா? பதினோரு நாளாச்சு. மரமே இல்லைன்னு துவான் முத்திரை வெச்சு அனுப்பியிருக்காரு. நீ இப்ப வந்து மரம் இருக்குங்கறே. அப்ப யாரு பொய் சொல்றது, துவானா?"

"ஐயையோ, நான்தான் சிஞ்ஞோ! நான்தான் பொய்!"

"அப்ப மரம் இல்லையா?"

"இருக்கு."

தொமாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் உள்ளே கூட்டிப்போனான்.

துவான் ஸ்ட்ரைக் தடித்த மனிதர். கேட்டதும் அவர் முகம் தாலிபின் முகத்தைவிட வெளுத்தது. அந்த அறையில் இரண்டு பேர் ஒரே மரத்துக்காக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவர் நாற்காலியில் இருந்தார். கும்பினிக்குப் பொய்ச் சான்றிதழ் அனுப்பிய அதிகாரிக்கும் ஒரு விதி உண்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கயிறு ஒன்றுதானாம்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார். தொமாஸ் பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னான்.

"கிராம்பு ஒரு செடின்னு நீ நெனைச்சுக்கிட்டிருக்கே. அது அறியாமை. கிராம்புங்கறது ஒரு அனுமதி. கும்பினி எங்க அனுமதி கொடுத்திருக்கோ, அங்க நிக்கிறதுதான் கிராம்பு. இந்தத் தீவுக்கு அனுமதி இல்லை. அதனால உன் பள்ளத்துல நிக்கிறது எதுவா இருந்தாலும் கிராம்பா இருக்க முடியாது. நான் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு மரத்தைக்கூட நேர்ல பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நிர்வாகம்னா அதுதான்."

தாலிப் கும்பிட்டான். "அப்ப அதை வெட்டிரலாமா துவான்?"

"எதை?"

"அந்த... கிராம்பா இல்லாத மரத்தை."

"கிராம்பா இல்லைன்னா ஏன் வெட்டணும்? வெட்டறியா, அப்ப அது கிராம்புன்னு ஒத்துக்கறே. மூணாம் விதி."

"அப்படியே விட்டுரட்டுமா துவான்?"

"எதை?"

தாலிப் மறுபடியும் ஒரு கும்பிடு போட்டான். வெளியே வந்தபோது தொமாஸ் அவன் தோளைத் தட்டி, "நல்லவேளை, பிழைச்சே. இனிமே யார்கிட்டயும் உண்மையைச் சொல்லாதே" என்றான்.

ஆனால் மொக்குகளுக்கு யார் சொல்வது? அடுத்த வாரம் மலைக்காற்று திரும்பியது. ஒரு காலை நான் மீனை அடுக்கிக்கொண்டிருந்தேன். சூரை மீன் வாடையை அமுக்கிக்கொண்டு, இனிப்பும் காரமுமாக ஒரு மணம் சந்தைக்குள் வந்தது. நாலு கடை தள்ளி ஒரு கிழவர், கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். அவருக்கு அந்த மணம் தெரியும். அவருடைய மருமகள் பயந்துபோய் அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தாலிப் ரொட்டிகளை எண்ணுவது போல நடித்தான். ஒரே ரொட்டியை ஏழு தடவை எண்ணினான்.

மறுநாள் தமுக்கு வந்தது. ஊரில் ஒரு நோய் பரவுகிறது, அதன் பெயர் மணக்காய்ச்சல், அது கண்டவர்களுக்கு இல்லாத மணம் இருப்பதாகத் தோன்றும், எல்லோரும் கோட்டை வைத்தியரிடம் மூக்கைக் காட்ட வேண்டும், நோய் உறுதியானவர்கள் கோட்டைக்குள் அடைத்து வைக்கப்படுவார்கள்.

ஊரே வரிசையில் நின்றது. வைத்தியர் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து ஒவ்வொருவர் மூக்கிலும் பிடித்தார். கிராம்பெண்ணெய், அம்போனிலிருந்து முறையாக வந்தது.

"என்ன மணக்குது?"

"ஒண்ணும் மணக்கல துவான்."

"நல்ல ஆரோக்கியம். அடுத்த ஆள்."

நானும் அப்படித்தான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. மீன்காரன் கண் எப்போதும் அப்படித்தான் என்று எழுதிக்கொண்டார். கூடை முடைகிற ஒருவன் மட்டும், பாவம், "ரொம்ப நல்ல மணம் துவான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பத்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவனுக்கு அழுகிய மீன்கூட மணக்கவில்லை. வைத்தியருக்குப் பாராட்டுக் கடிதம் போனதாகக் கேள்வி.

தாலிப் முறை வந்தபோது பயத்தில் அவன் மூச்சையே விடவில்லை. வைத்தியர் குப்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் தாலிப் மயங்கி விழுந்தான். "மூக்கு வேலை செய்யவில்லை, மிகச் சிறந்த பிரஜை" என்று அவனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இதோடு முடிந்திருக்கும். மொக்குகள் விரிந்து உதிர்ந்துபோக இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பத்தாவியாவிலிருந்து பிஸ்கால் வந்து சேர்ந்தார். கும்பினிக்காகக் குற்றம் தேடி வழக்குப் போடும் பெரிய அதிகாரி அவர். ஒல்லியான மனிதர், நீண்ட மூக்கு. அவர் கப்பல் கரைக்கு அரை நாள் தூரத்தில் வந்துகொண்டிருந்தபோதே அந்த மூக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. படகிலிருந்து இறங்கியவர் யாருடைய வணக்கத்தையும் வாங்காமல், காற்றை மோந்தபடி சந்தையைத் தாண்டி, மசூதியைத் தாண்டி, சரிவில் ஏறி நேராகத் தாலிபின் கொல்லைக்குப் போய் நின்றார். பின்னால் துவான் ஸ்ட்ரைக் மூச்சு வாங்க ஓடினார். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக மாமரத்தைத் தாண்டினார்.

தாலிப் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ருகாயாதான் வெளியே வந்து நின்றாள். ஆட்டின் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிஸ்கால் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மரம்" என்றார்.

"ஆமாம் துவான்" என்றார் ஸ்ட்ரைக்.

"இந்தத் தீவில மரம் இல்லைன்னு போன வருஷம் கும்பினிச் சபையில வாசிச்சது யாரு தெரியுமா? நான். எழுந்து நின்னு வாசிச்சேன். எல்லாரும் மேசையைத் தட்டினாங்க." பிஸ்காலின் நெற்றியிலும் வேர்வை அரும்பியிருப்பதை ருகாயா பார்த்தாள். பார்த்தபோது அவளுக்குப் பயம் குறையவில்லை, கூடியது. பயந்த அதிகாரி எதையும் செய்வான் என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"வெட்டிரலாம் துவான்" என்றார் ஸ்ட்ரைக்.

"வெட்டினா அகற்றல் பதிவேட்டில எழுதணும். ஒரு மரம் வெட்டப்பட்டதுன்னு எழுதினா, ஒரு மரம் இருந்ததுன்னு ஆகும். கும்பினி தப்புப் பண்ணாது. அப்ப தப்புப் பண்ணினது யாரு? இந்த நிலம். தான் எங்க இருக்கோம்னு இந்த நிலம் நமக்குத் தப்பான தகவல் கொடுத்திருக்கு." அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். "மரம் கிராம்பு. கிராம்பு அம்போன்ல மட்டும்தான் விளையும். அப்ப இந்தப் பள்ளம் எங்க இருக்கு?"

கூட வந்திருந்த தொமாஸ் இதை மாற்றிச் சொல்லவே பயந்து, பாதியில் நிறுத்தினான்.

மூன்றே நாளில் புதிய வரைபடம் தயாரானது. எங்கள் தீவின் சரிவில், உள்ளங்கை அளவில் மஞ்சள் வர்ணம் பூசி, "அம்போன்" என்று எழுதியிருந்தார்கள். தாலிபின் கொல்லை, பள்ளம், வீடு, அடுப்பு, ஆடு எல்லாம் மஞ்சளுக்குள் வந்துவிட்டன.

தமுக்கடித்து இதை வாசித்தபோது தாலிப் என் பக்கத்தில்தான் இருந்தான். "அப்ப தூக்கு இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனுக்கு ஒரு மீன் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் சிப்பாய்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தொமாகிக்காரன் அம்போனுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும்.

"நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றான்.

"அப்ப அம்போன்காரன். தொமாகிக்குள்ள சீட்டு இல்லாம எப்படி வந்தே?"

அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காவல் வைத்தார்கள். ருகாயா தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு வர முடியவில்லை. கிணறு தொமாகியில் இருந்தது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குடத்தை வீசி வீசிக் கொடுத்தேன். பாதித் தண்ணீர் எல்லையிலேயே கொட்டியது. தாலிபின் சாகோ ரொட்டி அயல்தீவுச் சரக்காகிவிட்டதால் சந்தையில் விற்கக்கூடாது. ரொட்டியை அவர்களே தின்றார்கள். தொட்டுக்கொள்ள, நான் வீசிய கருவாடு.

இதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. அம்போனில் கிராம்பு மரம் வைத்திருக்கும் ஒவ்வொருவனும் விளைச்சலை அம்போன் கிட்டங்கியில் நேரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவனுக்குச் சவுக்கடியும் நாடுகடத்தலும். தாலிபும் ருகாயாவும் நடுங்கிக்கொண்டே மொக்குகளைப் பறித்துக் காயவைத்தார்கள். ஒரு சின்னக் கூடை வந்தது. ஆனால் வீட்டிலிருந்து கடலுக்குப் போகும் வழியெல்லாம் தொமாகி. தொமாகி மண்ணில் கிராம்போடு அகப்பட்டவனை விசாரணை இல்லாமல் சுடலாம்.

"சிஞ்ஞோ, கொண்டுபோனாலும் சாவு, கொண்டுபோகலைன்னாலும் சாவு. எதுன்னு அவங்களையே ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க. தூங்கி எட்டு நாளாச்சு" என்று கோட்டுக்கு உள்ளேயிருந்து தாலிப் அழுதான். தொமாஸ் போய்ச் சொன்னான். எப்படி வடிகட்டிச் சொன்னானோ தெரியாது. பிஸ்கால் மனமிரங்கி, பள்ளத்திலிருந்து படகுத்துறை வரை ஒரு சாண் அகலத்துக்கு அம்போனை நீட்டித்து உத்தரவு போட்டார்.

சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். வரைபடத்தில் அளவுகோலை வைத்து இழுத்த கோடு, வளையக்கூடாது. மசூதிக் குளத்தின் படிக்கட்டில் இறங்கி ஏறியது. உப்புக்கடைச் சீனரின் பின்சுவரை இடித்து முன்வாசல் வழியாக வந்தது. என் மீன் பலகையின் குறுக்கே போனது. அன்று காலை நான் வைத்திருந்த பெரிய சூரையின் தலை தொமாகியிலும் வால் அம்போனிலும் கிடந்தது. அதை யாருக்கு விற்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஊர் முழுக்க வந்து இரண்டு பக்கமும் நின்றது. படகுத்துறை முனையில் நாற்காலி போட்டுப் பிஸ்கால் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு சிப்பாய்கள், இந்தப் பக்கம் நாலு பேர், துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபடி பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். கால் கோட்டிலிருந்து விலகினால் சுடவேண்டும் என்று உத்தரவு. நடுவில் தாலிப். தலையில் கிராம்புக் கூடை. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து, குனிந்து தன் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே ருகாயா, இடுப்பில் ஒரு மூட்டையோடு. அவளைப் போகச் சொல்லி உத்தரவில்லை. போகக்கூடாது என்றும் இல்லை. ஆட்டை மட்டும் அவிழ்த்து விட்டிருந்தாள்.

குளத்தைத் தாண்டினார்கள். சீனரின் கடைக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பலகைக்கு எதிரே வந்தபோது தாலிபின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. நாய் இரைப்பது போல இருந்தது.

அங்கேதான் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தூறிக்கொண்டு வராது, கவிழ்த்துக் கொட்டும். கண்ணெதிரே சுண்ணாம்புக் கோடு பால் போலக் கரைந்து ஓடையாகிக் கடலுக்குப் போய்விட்டது.

தாலிப் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான்.

"நகராதே!" என்று கத்தினார் ஸ்ட்ரைக். "நகர்ந்தா சுடவேண்டி வரும்!"

"துவான், நான் இப்ப எங்க நிக்கிறேன்?"

"அதைத்தான் நிர்ணயிக்கப் போறோம்!"

வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். மழையில் மஞ்சள் வர்ணம் கரைந்து, படத்தில் கோட்டை இருந்த இடத்தின்மேல் பரவியது. இப்போது கோட்டையும் அம்போன் ஆகிவிட்டதா என்று ஸ்ட்ரைக் கேட்டார். அப்படியானால் தொமாகியின் அகற்றல் அதிகாரிக்கு அங்கே என்ன வேலை என்று பிஸ்கால் கேட்டார். இருவரும் தங்கள் மொழியில் நெடுநேரம் வாதாடினார்கள். தாலிபின் தூக்கிய கால் நடுங்கியது. ருகாயா பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டாள்.

கடைசியில் கோட்டையில் சாப்பாட்டு மணி அடித்தது. பிஸ்கால் எழுந்தார். "எல்லையைப் பத்தி அவசரப்பட்டு முடிவு பண்றது கும்பினியின் வழக்கம் இல்லை. நிர்ணயம் ஆகிற வரைக்கும் அவன் இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும். அசைஞ்சா சுடுங்க" என்று சொல்லிவிட்டு, குடையின் கீழ் ஸ்ட்ரைக்கோடு சாப்பிடப் போனார்.

தொமாஸ் போகவில்லை. கூடையில் தண்ணீர் இறங்காமல் பார்க்கிறவன் போலக் கிட்டே வந்து, உதடு அசையாமல் சொன்னான். நான் ஒரு முழத் தூரத்தில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"வெடிமருந்து நனைஞ்சுபோச்சு. எட்டுத் துப்பாக்கியும் வெறும் கம்பு. நட."

"நிஜமாவா சிஞ்ஞோ?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சிப்பாயா? நனைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். மழை விடறதுக்குள்ள நட."

தாலிப் அசையவில்லை. ருகாயாதான் அவன் காதருகே குனிந்தாள். "தாலிப், அவர் சொல்றது சரியா இருந்தாப் பொழைச்சோம். தப்பா இருந்தா ஒண்ணாப் போறோம். இங்க நின்னா சாயங்காலம் மழை விட்டதும் நீ மட்டும் போவே. நட."

அவள் அவனைத் தள்ளினாள். தூக்கியிருந்த கால் தரையில் பட்டது. அது எந்தத் தீவில் பட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதல் சிப்பாய் விசையை இழுத்தான். 'டிக்' என்றது. நான் பலகைக்கு அடியில் போய்விட்டேன். இரண்டாவது துப்பாக்கி 'டிக்' என்றது. அப்புறம் வரிசையாக ஆறு. ஒவ்வொரு சத்தத்துக்கும் தாலிப் "அல்லாஹ்!" என்று அலறி, சுடப்பட்டவனைப் போலத் துள்ளி, தான் சாகவில்லை என்பதையும் கவனிக்காமல் ஓடினான். அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். சிப்பாய்களுக்குச் சுடத்தான் உத்தரவு, துரத்திப் பிடிக்க உத்தரவில்லை. துறையில் கட்டியிருந்த படகில் விழுந்தார்கள். அவள்தான் கயிற்றை அவிழ்த்தாள். மழைத்திரைக்குள் பாய் மறைந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் காலியான சந்தையைப் பார்த்தார்கள். பிஸ்கால் சிறிது யோசித்து, "அம்போனைச் சேர்ந்த கிராம்பு அம்போனிலிருந்து அம்போனுக்குப் புறப்பட்டது" என்று எழுதி முத்திரை வைத்தார். அது போய்ச் சேரவில்லை என்று அம்போனிலிருந்து கடிதம் வந்தது. அது புறப்படவே தேவையில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருந்தது என்று இங்கிருந்து பதில் போனது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது. ஸ்ட்ரைக்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஈர மருந்து வைத்திருந்த எட்டுச் சிப்பாய்களுக்கும் சவுக்கடி கிடைத்தது.

மரம் அங்கேயே நிற்கிறது. அதைத் தொட யாருக்கும் அதிகாரமில்லை. புறாக்கள் மட்டும் சீட்டு இல்லாமல் போய்வருகின்றன. அதனால் வருஷா வருஷம் சரிவில் எங்காவது ஒரு கன்று முளைக்கிறது. உடனே அந்த இடமும் மஞ்சளாகிவிடுகிறது. இப்போது மசூதியில் பாதி அம்போன். என் வீட்டில் படுக்கிற அறை அம்போன். நாங்கள் எல்லோரும் தாலிபைப் போலவே கட்டைவிரலைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டோம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பூகிஸ் இனத்து மாலுமி என்னிடம் கருவாடு வாங்க வந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாலிபும் ருகாயாவும் சுகமாக இருக்கிறார்கள், கிழக்கே ஏதோ ஒரு சின்னத் தீவில் ரொட்டி சுடுகிறார்கள், ஒரு பெண் குழந்தைகூடப் பிறந்திருக்கிறது என்றான். அவன் கூடையில் இரண்டு கருவாடு கூடப் போட்டேன்.

"அந்தத் தீவுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். அந்த ஆளு நடுங்கிப்போய் என் வாயைப் பொத்திட்டாரு" என்றான் மாலுமி. "பேரைச் சொன்னா படத்துல வரைஞ்சிருவாங்களாம்."